சரசுவின் சூப் சட்டியும் பார்வதியின் தட்டுகளும்

ஜேர்மனியில் ஒரு கிழவி கண்ணை மூடினால் முதலில் வருகிறவர் பாதிரியார். அடுத்தது நாங்கள். செத்தவர்களின் வீட்டை ஒதுக்கிக் கொடுக்கிற ஒரு சின்ன நிறுவனத்தில் எனக்கு வேலை. அலுமாரியைத் திறந்து, எது ஏலத்துக்கு, எது பழஞ்சாமான் சந்தைக்கு, எது குப்பைக்கு என்று பிரிப்பது என் பொறுப்பு. நகையைக் கண்டால் முதலாளி அம்மாவைக் கூப்பிடவேண்டும். தங்கக்கரை போட்ட பீங்கான் சாப்பாட்டுச் செட்டைக் கண்டால் கூப்பிடத் தேவையில்லை. "அதையா? பெட்டியில் போட்டு வாசலில் வை. விரும்பினவர்கள் எடுத்துக்கொண்டு போகட்டும்," என்பா. போன கிழமை வைத்த பெட்டி இந்தக் கிழமையும் அங்கேயே மழையில் நனைந்துகொண்டு இருக்கும்.

ஏன் என்று கேட்டால், அதைப் பாத்திரம் கழுவுகிற மெசினில் போட ஏலாது, தங்கம் கழன்றுவிடும். மைக்குரோவேவில் வைத்தால் பொறி பறக்கும். ஊரைக் கூட்டி விருந்து வைக்கிற வீடும் இப்போது அங்கே இல்லை. பேரப்பிள்ளைகள் பீட்சாவை அட்டைப்பெட்டியோடு மடியில் வைத்துத் தின்கிறார்கள்.

இவ்வளவும் தெரிந்த என்னைத்தான் முருகேசன், தங்கக்கரைப் பீங்கானுக்கு விலை சொல்லிவிட்டு வா என்று வன்னிக்கு அனுப்பினான்.

முருகேசன் எங்கள் நிறுவனத்து லொறியை ஓட்டுகிறவன். வன்னியில் அவனுக்கு இரண்டு அக்காமார். மூத்தவ பார்வதி, முல்லைத்தீவுப் பக்கம் உடையார்கட்டில். இளையவ சரசு, வவுனியாவுக்கு மேற்கே பூவரசங்குளத்தில். "ரெண்டு பேரும் மாறி மாறி போன் எடுத்து என்ரை சீவனை வாங்குறாளவை அக்கா. நீங்கள் மச்சாளின்ரை மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு யாழ்ப்பாணம் போறீங்கள்தானே, போற வழியிலை ஒருக்கா எட்டிப் பாத்து, ஆற்றை பங்கு பெறுமதி எண்டு சொல்லிவிடுங்கோ," என்றான். போற வழியாம்! இரண்டு வீட்டுக்கும் நடுவில் வன்னி முழுக்கக் கிடக்கிறது.

அவர்களின் தகப்பன் பெரியசாமி மலையகத்தில் ஒரு துரை பங்களாவில் சமையல்காரர். துரை இங்கிலாந்துக்குத் திரும்பும்போது துரைசானி அந்தச் செட்டை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனாவாம். கப்பல் கூலி கட்டுப்படவில்லைப் போலும் என்று நினைத்தேன், வாயை மூடிக்கொண்டேன். எழுபதுகளின் கடைசியில் அடிதடிக்குப் பயந்து குடும்பம் வன்னிக்கு ஓடி வந்தபோது, மனுசன் உடுப்பு மூட்டையை விட்டுவிட்டுப் பீங்கான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கடைசிச் சண்டைக்குள் எல்லாரும் இடம்பெயர, உமியும் பழஞ்சேலையும் சுற்றி உடையார்கட்டு வளவுக்குள் தாட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்து தோண்டினால் ஒன்றிலும் ஒரு கீறல் இல்லை.

சாகிற நேரம் தட்டுகள் பார்வதிக்கு, கப்புகளும் மூடி போட்ட சூப் சட்டியும் சரசுவுக்கு என்று பிரித்துக் கொடுத்தார். முருகேசனுக்கு ஒன்றுமில்லை. "உனக்குத்தான் முழு ஜேர்மனியும் கிடைச்சிட்டுதே," என்றாராம்.

அன்றைக்குத் தொடங்கின சண்டை. சூப் சட்டியின் பிடி முழுத்தங்கம், அதைச் சரசு அப்பாவைப் பேய்க்காட்டி வாங்கிவிட்டாள் என்று பார்வதி. எண்ணிக்கையில் தட்டுகள்தான் கூட, மூத்தவள் சுருட்டிவிட்டாள் என்று சரசு. பத்துப் பன்னிரண்டு வருசமாகப் பேச்சுவார்த்தை இல்லை. இதற்குள் யாரோ ஒரு புண்ணியவான், ஜேர்மன் தட்டு ஒன்று ஏலத்தில் வீட்டு விலைக்குப் போன வீடியோவை இரண்டு பேரின் போனுக்கும் அனுப்பிவிட்டான்.

முதல் நாள் வவுனியா. யாழ்ப்பாணத்து மச்சாள் போன் எடுத்து, "வன்னியிலை தண்ணி குடிச்சிடாதை, நுளம்புவலை கொண்டு போனியோ?" என்று கேட்டா. நான் அப்போது பஸ் நிலையத்தில் இரண்டாவது இளநீர் குடித்துக்கொண்டு நின்றேன். மன்னார் றோட்டால் போகிற தனியார் மினிபஸ்ஸில் ஏறினேன். "உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்கு நல்ல இடம் கிடக்கு," என்று கொண்டக்டர் முதுகில் தள்ளிக்கொண்டே இருந்தான். உள்ளே இருந்த இடம் ஒரு உரமூட்டைக்கும் ஒரு ஆச்சியின் முழங்கைக்கும் நடுவில். ஆனால் பஸ் சொன்ன நேரத்துக்கு வெளிக்கிட்டது. ஜேர்மனியில் ரயிலுக்கு இப்போது அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று.

சரசு படலையிலேயே நின்றா. வெயிலில் காய்ந்த மெலிந்த உடம்பு, வாய் மட்டும் ஓயாது. "வாங்கோ அக்கா, வாங்கோ. முருகேசன் உங்கடை படம் அனுப்பினவன். படத்திலை இன்னும் கொஞ்சம் வெள்ளை." கதிரையை இழுத்துப் போட்டு, பிளேன்டீ தந்து, நான் முதல் மிடறு விழுங்க முதலே அலுமாரியைத் திறந்துவிட்டா.

துவாய்களுக்குள்ளிருந்து வந்தது சூப் சட்டி. பொய் சொல்லக்கூடாது, வடிவான சாமான். வெள்ளை உடம்பு, வயிற்றைச் சுற்றி ரோசாப்பூ, இரண்டு பக்கமும் தங்கக் காது, மூடியில் மொட்டு மாதிரி ஒரு தங்கப் பிடி. நகத்தால் தட்டினேன். டிங் என்று மணி மாதிரிச் சத்தம் வந்தது. ஒரு கப்பை யன்னலுக்கு நேரே பிடித்து, பின்னால் கையை வைத்தேன். விரல்களின் நிழல் தெரிந்தது. நல்ல பீங்கான்தான். அடியில்தான் செய்த இடத்தின் முத்திரை இருக்கும். பீங்கானின் பிறப்புச் சாதகம் அதுதான். எங்கே, எந்தக் காலத்தில், யாருக்காகச் செய்தது என்று அதைப் பார்த்தால் தெரிந்துவிடும். சட்டியைக் கவிழ்த்தேன்.

அடியில், கொட்டை எழுத்தில், "பெ. சரஸ்வதி" என்று வெட்டியிருந்தது.

"இதென்ன சரசு?"

"பேர் அக்கா."

"பேர் எண்டு தெரியுது. ஏன் வெட்டினனீங்கள்?"

"என்ன கதை கதைக்கிறியள்? பேர் வெட்டாமல் ஆரும் பாத்திரம் வைச்சிருப்பினமோ? கலியாணவீடு, செத்தவீடு எண்டு இரவல் போகும், வரேக்கை மாறுப்பட்டிடும். சண்டை முடிஞ்சு முகாமிலையிருந்து வரேக்கை என்ரை ரெண்டு சில்வர் குடம் ஆற்றையோ வீட்டை போயிட்டுது. அண்டைக்குப் பட்டது போதும் எண்டு, வவுனியாப் பாத்திரக்கடையிலை கொண்டுபோய், சில்வருக்குப் பேர் வெட்டுற மெசினாலை எல்லாத்துக்கும் வெட்டிப்போட்டன். கடைக்காரன் மாட்டன் எண்டுதான் நிண்டவன். ரெண்டு கப் உடைஞ்சும் போச்சு."

"இதை ஆராவது இரவல் கேட்டவையோ?"

"இல்லை. கேட்டாலும் குடுக்கமாட்டன்."

"முத்திரைக்கு மேலேயே ஏனம்மா வெட்டினது? பக்கத்திலை எவ்வளவு இடம் கிடக்கு!"

"முத்திரையோ? அடியிலை பச்சையா ஏதோ ஒரு கறை கிடந்தது அக்கா. எவ்வளவு தேச்சும் போகேல்லை. அதுக்கு மேலை வெட்டினால் மறைஞ்சிடும் எண்டு நான்தான் அவனுக்குக் காட்டி விட்டனான்."

பிளேன்டீயைக் குடித்து முடித்தேன். எத்தனையோ நாட்டு ஆட்கள் பீங்கானுக்குச் செய்த அநியாயத்தைப் பார்த்தவள் நான். நாய்க்குச் சோறு வைத்திருக்கிறார்கள், பூச்செடி நட்டிருக்கிறார்கள். சாதகத்துக்கு மேலேயே பேர் வெட்டினதை அன்றைக்குத்தான் கண்டேன். தங்கம் மட்டும் அப்படியே இருந்தது. பாவிக்காமல் துவாய்க்குள் கிடந்த தங்கம் எங்கே போகும்?

"இப்ப என்ன விலை போகும் அக்கா?"

"தட்டுகளையும் பாத்தால்தான் சொல்லலாம்."

சரசுவின் முகம் சுருங்கிவிட்டது. குசினிக்குள் போய்ச் சோற்றைப் போட்டா. குளத்து யப்பான் மீன் குழம்பு, முருங்கையிலை வறை, பச்சைமிளகாய்ச் சம்பல், கடைசியில் சட்டித் தயிரும் சீனியும். மூன்றாம் தரம் சோறு போட்டபோது வேண்டாம் என்று கையை மட்டும் காட்டினேன், சாப்பாட்டுக் கோப்பையை விலக்கவில்லை. அதைப் பார்த்துச் சிரித்தா.

சாப்பிட்டுக் கை கழுவின பிறகு அலுமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு சேலைப் பெட்டியை எடுத்தா. அரக்கு நிறம், தங்கச் சரிகை. "கௌசிக்கு," என்றா. கௌசி என்றால் பார்வதியின் ஒரே மகள் கௌசல்யா. "வாற ஞாயிறு அவளுக்குக் கலியாணம். முகாமிலை அக்காவுக்குக் காய்ச்சல் எண்டு கிடக்க, என்ரை கையைப் பிடிச்சபடிதான் அந்தப் பிள்ளை திரிஞ்சது. இரவிலை என்னோடைதான் படுக்கும். இப்ப ஊர் முழுக்கக் கலியாணக் காட் குடுத்தாச்சு. எனக்குச் சொல்லேல்லை." கண்ணைச் சேலைத்தலைப்பால் துடைத்துக்கொண்டே பெட்டியை மூடினா.

"சொல்லாட்டி என்ன, நீங்களாப் போங்கோவன். பெறாமகள்தானே."

"சொல்லாமல் போறதோ? நானென்ன காகமே? என்ரை அக்காக்காரி வெத்திலைத் தட்டத்தோடை இந்தப் படலையைத் திறந்து வந்து, என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லவேணும். அப்பதான் வருவன். செத்தாலும் வேறை மாதிரி வரமாட்டன்."

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கப் தாருங்கள் என்று கேட்டேன். துவாயில் சுற்றித் தரும்போது, "அவள் தொடக்கூடாது," என்றா. பிறகு படலை மட்டும் வந்து, "அக்காவுக்கு இப்பவும் முழங்கால் நோவோ எண்டு பாத்துக்கொண்டு வாங்கோ," என்றா.

இரண்டாம் நாள் நான் செய்தது சுத்த விசர்வேலை. வவுனியாவில் "மாங்குளம், மாங்குளம்" என்று ஒருவன் கத்த, வடக்கே போகத்தானே மாங்குளம் என்று ஏறி யன்னலோரம் இருந்தேன். பக்கத்தில் ஒரு இளம் ஆமிக்காரன், சிங்களத்தில் தாயோடு போனில் கதைத்துக்கொண்டு வந்தான். எனக்குச் சிங்களம் அரைகுறை. "ஓம் அம்மா, சாப்பிட்டேன். இல்லை, மெலியவில்லை. படத்தில் வெளிச்சம் சரியில்லை. சத்தியமாகச் சாப்பிட்டேன் அம்மா." அவன் சத்தியம் பண்ணுவதைக் கேட்டபடியே கப்பை மடியில் வைத்து நித்திரையாகிவிட்டேன். மாங்குளத்தில் பஸ் இடப்பக்கம் திரும்பும் என்று அந்தக் கத்தினவன் கத்தவில்லை. முழித்தபோது மல்லாவிச் சந்தை.

"உடையார்கட்டோ? நீங்கள் நேரெதிர்ப் பக்கமெல்லோ வந்து நிக்கிறியள்," என்றார் தேத்தண்ணிக் கடை முதலாளி, ஏதோ நான் பரிசு வென்றதுபோலச் சந்தோசமாக. வாய்ப்பனும் பிளேன்டீயும் தந்துவிட்டு, துவாய்க்குள் என்ன என்று கேட்டார். காட்டினேன். கடையில் இருந்த எல்லாரும் வந்துவிட்டார்கள். ஒருத்தர் சீனாச் சாமான் என்றார். ஒருத்தர் தங்கத்தைச் சுரண்டிப் பத்தரிடம் உரைத்துப் பார்க்கச் சொன்னார். இன்னொருத்தர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு, திருப்பி, "பெ. சரஸ்வதி" என்று சத்தமாக வாசித்துவிட்டு, "அப்ப இது லோக்கல்," என்று தீர்ப்புச் சொன்னார். ஜேர்மனியில் முப்பது வருசமாக ஒரே மாடியில் இருக்கிற பக்கத்து வீட்டுக்காரர் என் பையில் என்ன இருக்கிறது என்று இன்றுவரை கேட்டதில்லை. எது நல்லது என்று எனக்கு இன்னும் தீர்மானமில்லை.

கடை முதலாளி சீலன் என்று ஒரு பொடியனைப் பிடித்துத் தந்தார். சீலனிடம் ஒரு வான் இருந்தது, வானுக்குக் கதவு இருந்தது, கதவுக்குப் பூட்டு இல்லை. நைலோன் கயிற்றால் கட்டியிருந்தான். "பயப்பிடாதேங்கோ அன்ரி, பூட்டெண்டால் உடையும், கயிறு உடையாது," என்றான். உடையவில்லைத்தான். பரந்தன் தாண்டின ஒரு பள்ளத்தில் அவிழ்ந்தது. நான் ஒரு கையால் கதவையும் மற்றக் கையால் கப்பையும் பிடித்துக்கொண்டு, வாயால் அவனை ஏசிக்கொண்டு போனேன். அதற்கு முதல் முறிகண்டியில் நிற்பாட்டித் தேங்காய் உடைத்து, கச்சான்கடலை வாங்கித் தின்று, பிள்ளையாரிடம் கதவுக்குப் பொறுப்புக் கொடுத்தவன் அவன். "அதுதானே அன்ரி, நீங்கள் விழேல்லை," என்றான். பிறகு றோட்டு நடுவில் படுத்திருந்த மாடுகளுக்கு ஹோர்ன் அடித்து அடித்து, பொழுதுபடத்தான் உடையார்கட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். யானை வருகிற நேரம், இனித் திரும்ப ஏலாது என்று சீலனும் அங்கேயே தங்கிவிட்டான்.

பார்வதி பருத்த உருவம், ராசாத்தி மாதிரி நடை, முழங்கால் நோவால் வந்த நடை. பேச்சு வன்னிப் பேச்சுத்தான், இடைக்கிடை மலையகம் எட்டிப் பார்க்கும். இடியப்பமும் சொதியும் இறால் பொரியலும் வைத்துவிட்டு, முன்னுக்கு இருந்து நான் சாப்பிடுவதைப் பார்த்தா. தங்கச்சியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்றாவது இடியப்பத்தில், சுவரைப் பார்த்துக்கொண்டு, "அந்தப் பக்கம் இந்த வருசம் மழை காணாதாமே. வயல் செய்யிற சனம் என்ன செய்யுதுகளோ?" என்றா.

"சரசுவின்ரை வயல் பரவாயில்லையாம்."

"நான் அவளைக் கேக்கேல்லையே," என்றா. ஆனால் முகம் தெளிந்துவிட்டது.

காலையில் கிணற்றடியில் கௌசி பிடித்துக்கொண்டாள். முன்பள்ளி ரீச்சர், கையில் அப்போதே மருதோன்றி. "அன்ரி, சித்தியைப் பாத்தனீங்களோ? என்னைப் பற்றிக் கேட்டவாவோ?" சேலைக் கதையைச் சொன்னேன். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "அம்மாட்டைச் சொல்லிக் களைச்சுப்போனன் அன்ரி. சித்தி சட்டியைக் கொண்டுவந்து வைச்சு மன்னிப்புக் கேக்கட்டும் எண்டு நிக்கிறா. நீங்கள் அம்மான்ரை பங்கு கூட எண்டு சொன்னா அம்மா இன்னும் திமிரிலை துள்ளுவா. சித்தின்ரை கூட எண்டால் அவ்வளவுதான், கலியாணத்துக்குச் சொல்லவே மாட்டா. சித்தி இல்லாமல் நான் என்னண்டு மணவறையிலை இருக்கிறது?"

"அப்ப என்ன சொல்லட்டும்?"

"தெரியேல்லை அன்ரி. ஏதாவது சொல்லுங்கோ. நல்லாச் சொல்லுங்கோ."

மரக்கறிக் கடையில் விலை சொல்லுவதுபோலச் சொல்லிவிட்டு ஓடலாம் என்று வந்தவள் நான். இப்போது ஒரு கலியாணம் என் வாயில் தொங்குகிறது.

விறாந்தையில் பாய் விரித்து, தட்டுகளை அடுக்கி வைத்திருந்தா பார்வதி. மேலே இருந்ததை எடுத்தேன். கரையில் தங்கமே இல்லை. மங்கலாக ஒரு மஞ்சள் கோடு, அங்கங்கே ஒரு புள்ளி.

"பார்வதி அக்கா, இதின்ரை தங்கம் எங்கை?"

"நீங்க வாறீங்க எண்டு முருகேசன் சொன்னவன். தங்கம் மங்கிப்போய்க் கிடந்துச்சு, வெளிநாட்டு ஆளுக்கு எப்பிடிக் காட்டுறது? அதுதான் குத்துவிளக்கு விளக்குற மாதிரிப் பழப்புளியும் சாம்பலும் போட்டு, தும்பாலை நல்லாத் தேய்ச்சன். நேத்து முழுக்க அதே வேலை. கை ஓய்ஞ்சு போச்சு."

"கோதாரி!" என்று கத்திவிட்டேன். முற்றத்தில் வானுக்குள் படுத்திருந்த சீலன் எழும்பி ஓடி வந்தான்.

ஆனால் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் பச்சை முத்திரை பளிச்சென்று இருந்தது. கிரீடம் ஒன்று, கீழே பவேரியா, ஜேர்மனி என்று ஆங்கில எழுத்து. அக்காவிடம் முத்திரை, தங்கச்சியிடம் தங்கம். செவ்வாய் கிரகத்திலிருந்து ஒருவன் வந்தாலும் இந்தச் செட்டை அடையாளம் காண இரண்டு வீட்டுக்கும் போகத்தான் வேண்டும்.

வேலையைச் செய்தேன். 'ஜேர்மனி' என்று ஆங்கிலத்தில் இருந்தால் வெளிநாட்டுக்கு விற்கச் செய்தது. 'மேற்கு' என்ற சொல் இல்லாததால் நாடு இரண்டாகப் பிரிய முந்தின காலம். அதுவரைக்கும் நல்ல சாதகம். பையிலிருந்த உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து ரோசாப்பூவைப் பார்த்தேன். தூரிகை ஓடின தடம் இல்லை, பேப்பரில் அடித்த படம் மாதிரிப் புள்ளி புள்ளியாக இருந்தது. கையால் கீறினதல்ல, அச்சு. சரசுவின் கப்பை எடுத்து அதன் தங்கத்தை நகத்தால் தடவினேன். கனமாக வைத்து மினுக்கின தங்கமென்றால் விரலில் தட்டுப்படும். இது வழுவழுவென்று போனது. தங்கத் தண்ணியைத் தூரிகையால் இழுத்துச் சூளையில் வைத்தது. மூச்சுப் பட்டால் கரையும் என்று முதலாளி அம்மா சொல்லுவா. அப்படியென்றால் புளிக்கும் சாம்பலுக்கும் முன்னால் எப்படி நிற்கும்? அந்தக் காலத்தில் கப்பல் கப்பலாக ஏற்றி விட்ட சாமான். எங்கள் வாசலில் மழையில் நனைகிற பெட்டிகளுக்குள் இருப்பதும் இதேதான்.

பொய் சொல்ல நான் கூச்சப்படுகிற ஆளில்லை. 'உங்கள் அம்மாவுக்கு எவ்வளவு நல்ல ரசனை' என்று செத்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிழமைக்கு ஒரு பொய்யாவது சொல்லுகிறவள். கௌசி கையில் தேத்தண்ணியோடு குசினி வாசலில் நின்று என்னையே பார்த்தாள். கூட என்று சொன்னாலும் சண்டை, குறைவு என்று சொன்னாலும் சண்டை, சரிபாதி என்று சொன்னால் என்னை நம்பமாட்டார்கள். உள்ளதைச் சொல்லித் தொலைப்போம் என்று வாயைத் திறந்தேன்.

"பார்வதி அக்கா, ஒண்டும் தேறாது."

"எவ்வளவு?"

"ஒண்டும் தேறாது எண்டுறன். ஜேர்மனியிலை இதைப் பெட்டியிலை போட்டு வாசலிலை வைப்பினம், விரும்பினா எடுங்கோ எண்டு. ஒருத்தரும் எடுக்காயினம்."

"நான் தேய்ச்சதாலையோ?"

"தேய்க்காட்டிலும் இதுதான் கதை."

"அப்ப அந்த வீடியோ?"

"அது ராசா வீட்டுக்கெண்டு கையாலை செய்தது. இது துரை மாதிரி ஆக்கள் ராசா மாதிரிக் காட்டுறதுக்குச் செய்தது."

பார்வதி ஒரு தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டா. "அப்பா உடுப்பு மூட்டையை விட்டுட்டு இதைத் தூக்கினாரு," என்றா. "அம்மாவுக்கு மாத்தச் சேலை இல்லை. இதைத் தூக்கினாரு." இதற்காகத்தான் செத்த வீடுகளில் நான் பொய் சொல்லுகிறது. அவவின் கையைப் பிடிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் இருந்தேன்.

பார்வதியின் தோள் குலுங்கியது. அழுகிறா என்று நினைத்தேன். "இது மட்டும் அப்பாவுக்குத் தெரிஞ்சிருந்தா, கடல் தாண்டிப் போய்த் தொரைக்குத் தூசணத்தாலை ஏசிப்போட்டு வந்திருப்பாரு!" என்று சொல்லி, வயிற்றைப் பிடித்துச் சிரித்தா. சிரிப்போடு கண்ணீரும் வந்தது. சீலனும் ஏன் என்று தெரியாமல் சிரித்தான்.

திடீரென்று சிரிப்பை நிற்பாட்டி நிமிர்ந்தா. "அவளின்ரை சூப் சட்டி?"

"அதே செட்தானே அக்கா. அதுவும் ஒண்டும் தேறாது."

"அந்தத் தங்கப் பிடி?"

"வெறும் பூச்சு."

"நிச்சயமா?"

"நிச்சயம். போதாக்குறைக்கு அடியிலை பேர் வேறை வெட்டி வைச்சிருக்கிறா, குடத்துக்கு வெட்டுற மாதிரி."

"பேர் வெட்டினவளோ! உந்த மூதேவி பீங்கானுக்குப் பேர் வெட்டினவளோ!" பார்வதிக்கு மூச்சே எடுக்க முடியவில்லை. "கௌசி, அந்தப் போனை எடு. எடடி கெதியா!"

கௌசி நம்பரைத் தேடவே இல்லை, விரல் தானாக அழுத்தியது. ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடித்தது. அந்தப் பக்கம் எடுத்து, பேசாமல் இருந்தார்கள். மூச்சு மட்டும் கேட்டது.

"அடியே சரசு," என்றா பார்வதி. "உன்ரை சட்டி ஒண்டுக்கும் உதவாதாம்!"

கௌசி வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசியில் சரசுவின் குரல் மெல்ல வந்தது. "உன்ரை தட்டு?"

"அதுவும்தான்."

"தங்கம்?"

"தேய்ச்சுப்போட்டன்."

"என்னத்தாலை?"

"புளியும் சாம்பலும்."

"விசரி," என்றா சரசு. "நீ இன்னும் அப்பிடியே விசரியாத்தான் இருக்கிறாய்." அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் அழுகையா சிரிப்பா என்று எனக்கு விளங்கவில்லை. ஒருத்தி துரையை ஏச, மற்றவள் துரைசானியை ஏசினாள். உடைந்த இரண்டு கப்பின் கதையும் வெளியே வந்தது. முழங்கால் நோவும் வந்தது. நான் கொண்டுவந்த செய்தியை நான் சொல்ல இடமே கிடைக்கவில்லை.

பிறகு பார்வதி தொண்டையைச் செருமிக்கொண்டா. "சரசு, ஞாயிற்றுக்கிழமை கௌசிக்குக் கலியாணம். வந்திடு என்ன."

"போனிலை சொன்னா வருவனோ?" என்று சீறினா சரசு. "நானென்ன பக்கத்து வளவுக்காரியோ? பிள்ளைக்குச் சித்தி. வீட்டை வந்து சொல்லு." போன் கட்டாகிவிட்டது.

கௌசியின் முகம் விழுந்துவிட்டது. நானும் போச்சுடா என்று நினைத்தேன். பார்வதி போனை மகளிடம் நீட்டிவிட்டு, கதிரையின் கையைப் பிடித்து, முழங்காலைத் திட்டிக்கொண்டே எழும்பினா. "தம்பி, வானைத் திருப்பும்," என்றா சீலனிடம். உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு, வெற்றிலைத் தட்டமும் குங்குமமும் கலியாண அழைப்பிதழுமாக வந்தா. பாயில் கிடந்த தட்டுகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதில் ஒன்றின் மேல் கோழி ஏறி நின்றது, ஒருத்தரும் கலைக்கவில்லை.

முன் சீற்றில் பார்வதி, மடியில் தட்டம். பின்னால் கௌசியும் நானும் ஆளுக்கொரு கையால் கதவைப் பிடித்தபடி. சாமத்தியவீட்டுக்கு வரப் பிந்தும் என்று மச்சாளுக்குப் போன் எடுத்தேன், பூவரசங்குளம் என்று சொன்னதும் ஐயோ என்றா. விசுவமடு வருமுன்னமே பார்வதி சீலனின் தோளில் தட்டத் தொடங்கிவிட்டா.

"கெதியா ஓட்டும் தம்பி. அவள் இப்ப உலை வைச்சிருப்பாள்."